அப்பாவின் மறதிக்குச் சிப்பிதான் காரணமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குளச்சல். ஆறு வருஷமாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். 2025 மார்ச்சில் இங்கே கடற்கரையில் ஒரு கடல்சிங்கம் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, வலிப்பு வந்ததுபோலத் துடித்ததை நேரில் பார்த்தேன். கடலில் பெருகும் நுண்பாசியின் நஞ்சு மீன் வழியாக அதன் மூளைக்குப் போய்விட்டது என்று அங்கிருந்த தன்னார்வலர்கள் சொன்னார்கள். சிப்பி சாப்பிட்ட மனிதர்களுக்கும் இதனால் ஞாபகம் போனதுண்டு என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு அப்பாவின் நினைப்புதான்.

அப்பாவுக்கு 67 வயது. இளவயதில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர். சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எங்கள் வீட்டில் சிப்பிதான். ஒரு வருஷமாக அவருக்கு மறதி. கேட்டதையே திரும்பக் கேட்கிறார். கட்டிய கரண்டு பில்லை மறுபடியும் கட்டப் போனார். கடைசி ஒன்றரை மாதமாக இன்னும் அதிகம், பகலிலும் தூங்குகிறார். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பாறையில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டது, காயம் எதுவும் இல்லை. நான் அம்மாவிடம் சொல்லிச் சிப்பி வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அந்தக் கோபத்தில் அப்பா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இத்தனை வருஷம் சாப்பிட்ட சிப்பிதான் காரணமா? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? இனி அவர் சாப்பிடலாமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, கடல்சிங்கத்தைப் பற்றியும் சிப்பியைப் பற்றியும் நிறையப் பேசலாம், பேசுவோம். அதற்கு முன்னால் இன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போடுங்கள். நாளைக்கே அப்பாவை நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அழைத்துப்போய்த் தலைக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

காரணம், நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன அந்தப் பாறை வழுக்கல். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் கடந்து போகும் சின்னச் சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான அடி போதும், அதில் ஒன்று கசியத் தொடங்க. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் கசிவு சுலபத்தில் நிற்காது. வெளியே காயம் இருக்காது, அன்றைக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் சில வாரங்களில், சில நேரம் இரண்டு மூன்று மாதங்களில், தேங்கிய ரத்தம் மூளையை அழுத்தத் தொடங்கும். அப்போது பகல் தூக்கம், தலைவலி, ஒரு காலை இழுத்து நடப்பது, ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் குழம்பியும் இருப்பது, கூடவே மறதி என்று ஒவ்வொன்றாக வரும். வீட்டில் உள்ளவர்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். முப்பது வருஷத்தில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மண்டையில் சின்னத் துளை போட்டுத் தேங்கியதை வடித்துவிட்டால், பலர் சில நாளிலேயே பழையபடி பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மறதி ஒரு வருஷமாக இருக்கிறது. ஆனால் அடிபட்ட பிறகு கூடியிருக்கிறது, தூக்கமும் சேர்ந்திருக்கிறது. இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: பயந்துபோய் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். ஸ்கேனுக்கு முன்பே வாந்தி, வலிப்பு, எழுப்பினால் விழிக்காத தூக்கம், கை கால் தளர்ச்சி எது வந்தாலும் நாளை வரைக்கும் பார்க்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

சரி, இனி கடலுக்கு வருவோம்.

நீங்கள் பார்த்த அந்தக் கடல்சிங்கத்துக்கு நடந்தது உண்மை. சூடோநிட்ஸ்கியா என்று ஒரு நுண்பாசி இருக்கிறது. ஊசிபோல நீண்ட ஒற்றைச் செல், பக்கத்துச் செல்லோடு முனையில் ஒட்டிச் சங்கிலியாக மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் குளிர்ந்த, சத்து நிறைந்த ஆழ்நீர் மேலே ஏறி வரும் காலங்களில் இது கட்டுக்கடங்காமல் பெருகும். இந்த வகையில் சில இனங்கள் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. பாசியை நெத்திலியும் மத்தியும் தின்கின்றன, அவற்றின் குடலில் நஞ்சு நிற்கிறது. கடல்சிங்கம் மீனைக் கிலோ கணக்கில் குடலோடு விழுங்குகிறது. 1998ல் மத்திய கலிஃபோர்னியக் கரையில் நானூறுக்கும் மேற்பட்ட கடல்சிங்கங்கள் செத்து ஒதுங்கியபோதுதான் இந்தத் தொடர் முழுசாகப் புரிந்தது. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு நஞ்சு உடம்பைவிட்டுப் போன பிறகும் வலிப்பு நிற்கவில்லை. அப்படி ஒன்றான க்ரோநட் என்ற கடல்சிங்கத்துக்கு, 2020ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் பன்றிக் கருவின் மூளைச் செல்களை எடுத்து மூளையில் பதித்தார்கள். சேதம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மனிதர்களுக்கு நடந்தது கனடாவில். 1987 நவம்பர் கடைசியில் மான்ட்ரியால் பக்கத்து மருத்துவமனைகளுக்கு வாந்தியோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் எல்லோரும் சாதாரண உணவு நஞ்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு, சிலருக்கு முழுக் குழப்பம், சிலருக்கு மயக்கம். தெளிந்தவர்களில் சிலருக்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பேசியது நினைவில் நிற்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டது ஒன்றுதான்: பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த சிப்பி. கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 107 பேர். அவர்களில் 19 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 12 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நினைவு பாதிக்கப்பட்டது.

கண்டுபிடித்த விதத்தையும் சொல்கிறேன். சிப்பியின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிப்பி நஞ்சாக இருந்தால் எலி மூச்சடைத்துச் சாகும். இந்த எலிகளோ பின்னங்காலால் தோள்பட்டையை ஓயாமல் சொறிந்துகொண்டன, அப்புறம்தான் செத்தன. இது நாம் அறிந்த நஞ்சு இல்லை என்று அந்தச் சொறிதல் காட்டிக்கொடுத்தது. ஹாலிஃபாக்ஸில் இருந்த ஆய்வகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து, சில நாள்களிலேயே அதை டோமோயிக் அமிலம் என்று அடையாளம் கண்டார்கள். அவர்களுக்கே நம்ப முடியவில்லை. ஏனென்றால் அது புதிய பொருள் அல்ல. ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் டோமோய் என்று ஒரு சிவப்புப் பாசியைக் குழந்தைகளின் வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகக் கொடுப்பார்கள். 1958ல் அதிலிருந்து பிரித்தெடுத்ததால்தான் இந்தப் பெயரே வந்தது. கொஞ்சமாகக் கொடுத்தபோது புழுவைத் தள்ளிய அதே பொருள், சிப்பிக்குள் மலையாகக் குவிந்தபோது மூளையைத் தின்றது. இன்று சிப்பிச் சதையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான் அனுமதி. அன்றைய சிப்பிகள் சிலவற்றில் அதைப்போல நாற்பது மடங்கு இருந்தது.

இத்தனை நஞ்சைச் சுமந்த சிப்பிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கலாம். சிப்பி ஒரு வடிகட்டி. நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து, அதில் மிதப்பதைச் சலித்துத் தின்று, தண்ணீரை வெளியே விடுகிறது. பாசி பெருகிய நாளில் அதன் செரிமானப் பையில் நஞ்சு ஏறிக்கொண்டே போகும். நமக்கு இருப்பதுபோல அதற்கு ஒரு மூளை இல்லை. கெட்டுப்போன சிப்பி நாறும், வாய் பிளந்து கிடக்கும். நஞ்சேறிய சிப்பியோ உயிரோடு, ருசியாக, வாசனையாக இருக்கும். உங்கள் அப்பாவைப் போல வருஷக்கணக்கில் சிப்பி எடுத்தவர்கூடக் கையில் வைத்துப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

மூளையில் இது செய்வது என்ன? நம் மூளைச் செல்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பப் பயன்படுத்தும் முக்கியமான ரசாயனம் குளுட்டமேட். டோமோயிக் அமிலம் பார்வைக்குக் குளுட்டமேட்டின் உறவுக்காரன் மாதிரி. அதே கதவில் போய் உட்காரும், ஆனால் எழுந்து போகாது. கதவு திறந்தே கிடக்க, செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாயும். செல் ஓயாமல் அதிர்ந்து கடைசியில் செத்துப்போகும். இந்தக் கதவுகள் நெருக்கமாக இருக்கும் இடம் ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகளைப் பதிந்து வைக்கும் சின்னப் பகுதி அது. வளைந்த அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். கடல்குதிரைக்கும் அறிவியலில் ஹிப்போகேம்பஸ் என்றே பெயர். 1987ல் சிப்பி சாப்பிட்டு இறந்துபோன நான்கு பேரின் மூளையை ஆராய்ந்தபோது, செத்த செல்கள் பெரும்பாலும் அங்கேயும் பக்கத்திலிருக்கும் அமிக்டலாவிலும்தான் இருந்தன. 84 வயதுப் பெரியவர் ஒருவர் அப்போது பிழைத்து, ஒரு வருஷம் கழித்து வலிப்பு நோயாளியானார். நீங்கள் பார்த்த கடல்சிங்கத்தின் கதையேதான்.

இப்போது உங்கள் கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோமோயிக் அமிலத்தால் வரும் மறதி திருடனைப்போல மெல்ல வருவதில்லை. சிப்பி சாப்பிட்ட ஒரு நாளுக்குள் வாந்தி, வயிற்று வலி, பேதி. இரண்டு நாளுக்குள் தலைவலி, குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்றைக்கு முழுசாக மாறிப்போவார். கனடாவில் சோதித்தவர்களிடம் அறிவும் பேச்சும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதிதாக எதையும் மனதில் இருத்த முடியாமல் போனது. உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு நாள் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்ட அம்மாவுக்கும் எதுவும் வந்ததாகச் சொல்லவில்லை. ஒரு வருஷமாகப் படிப்படியாக வந்த மறதி இந்தக் கதையோடு பொருந்தாது.

ரத்தப் பரிசோதனையும் உதவாது. இந்த நஞ்சு சிறுநீரில் சீக்கிரமே வெளியேறிவிடும். எப்போதோ சாப்பிட்டதை இன்றைக்கு ரத்தத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒரே அடியாக நஞ்சு ஏறாமல், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால்? உங்கள் மனதில் உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். நியாயமான கேள்வி. இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் மக்கா, குயிலியூட், குயினால்ட் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ரேசர் கிளாம் என்ற நீளமான மட்டி அவர்களுக்கு வெறும் உணவு இல்லை, பரம்பரை. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மாதம் பதினைந்துக்கு மேல் அந்த மட்டியைச் சாப்பிட்டவர்களுக்கு, சொற்களை நினைவில் வைக்கும் சோதனையில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. அவர்கள் சாப்பிட்டது சட்டப்படி விற்கலாம் என்ற அளவுக்குள் இருந்த மட்டிதான். அதனால் அந்த மாநிலச் சுகாதாரத் துறை மாதத்துக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறது. குரங்குகளுக்குத் தினமும் மிகக் குறைந்த அளவு கொடுத்த ஆய்விலும் சில தாய்க்குரங்குகளுக்குக் கை நடுக்கம் வந்தது. ஆக, 20 மில்லிகிராம் என்ற கோடு ஒரே நாளில் ஒருவர் விழுந்துவிடாமல் காக்கப் போட்ட கோடு. வருஷக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அதுவே போதுமா என்பது இன்னும் திறந்த கேள்விதான், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த ரேசர் கிளாம் ஒரு வருஷம்கூட நஞ்சைத் தனக்குள் வைத்திருக்கும். நம் ஊர்ப் பாறையில் ஒட்டும் சிப்பியின் வகை பாசி அடங்கிய சில நாள்களில், அல்லது ஓரிரு வாரத்தில் நஞ்சை வெளியே விட்டுவிடும். அதைவிட முக்கியம், அங்கே கண்டது சோதனைத் தாளில் தெரிந்த சிறு சரிவு. எல்லோரும் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டிருந்தவர்கள். கட்டிய பில்லை மறுபடி கட்டப் போகும் அளவு மறதியை அது விளக்காது.

இணையத்தில் தேடியிருந்தால் டால்பின் மூளையில் அல்சைமர் என்ற செய்தியும் கண்ணில் பட்டிருக்கும். ஃபுளோரிடாவிலும் மாசசூசெட்ஸிலும் கரையொதுங்கிய 14 டால்பின்களில் 13ன் மூளையில், நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் பிஎம்ஏஏ என்ற பொருள் இருந்ததாக 2019ல் ஓர் ஆய்வு வந்தது. அல்சைமரில் காணும் படிவுகள் போன்றவையும் அங்கே இருந்தன. இரண்டும் ஒரே மூளையில் இருந்தன என்பது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்பது வேறு. மனிதர்களின் அல்சைமருக்கு இதுதான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. இந்தச் செய்தியை வைத்து அப்பாவின் தட்டிலிருந்து மீனைப் பிடுங்க வேண்டாம்.

உண்மையில் நம் கரையில் நான் அதிகம் பயப்படுவது வேறொரு பாசி நஞ்சுக்கு. 1997 செப்டம்பரில் கேரளக் கரையிலுள்ள விழிஞ்ஞத்தில் நடந்தது உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். சிப்பி சாப்பிட்ட ஐந்நூறு பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். ஏழு பேர் இறந்தார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் பாறையில் எடுக்கும் அதே பழுப்புச் சிப்பி. அதற்கு முன் 1981ல் தமிழ்நாட்டுக் கரையிலும் மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அது சாக்ஸிடாக்ஸின் வகை நஞ்சு. டோமோயிக் அமிலம் கதவைத் திறந்தே வைக்கும் என்றேன் அல்லவா, இது நேர் எதிர்: நரம்பின் சோடியம் கதவை அடைத்துவிடும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுக்கும், உடம்பு மிதப்பதுபோல இருக்கும். அப்புறம் கை கால் தளர்ந்து, மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மூளை கடைசிவரை தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. மாற்று மருந்து கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து ஒரு நாளைத் தாண்ட வைத்துவிட்டால் பெரும்பாலும் முழுசாகப் பிழைத்துவிடுவார்கள். அதனால் சிப்பி சாப்பிட்ட பிறகு உதடு மரத்தால், வீட்டில் கஷாயம் போட்டுப் பார்க்கும் நேரமில்லை அது. வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். அங்கே முதல் வார்த்தையாகச் சிப்பி சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். டாக்டர்கள் கேட்காமல் போகலாம், நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இரண்டு நஞ்சையும் வேகவைத்து அழிக்க முடியாது. புளி, மஞ்சள், வினிகர் எதுவும் வேலைக்கு ஆகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் அப்படியே இருக்கும். அவிக்கும்போது கொஞ்சம் நஞ்சு தண்ணீரில் இறங்கும், ஆனால் சிப்பி சுத்தமாகிவிடாது. அவித்த தண்ணீரைச் சாறு என்று குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடல் நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. 2019ல் மன்னார் வளைகுடாவில் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து மிதந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்து ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. இரண்டுக்கும் காரணம் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர்; பாம்பன் பக்கம் பூங்கோரை என்பார்கள். அது தண்ணீரில் பிராணவாயுவைக் குறைத்து மீனைக் கொல்லும், நான் மேலே சொன்ன மூளை நஞ்சுகளை உண்டாக்குவதில்லை. மாறாக, நிறம் எதுவுமே மாறாத தெளிந்த தண்ணீரிலும் சூடோநிட்ஸ்கியா நஞ்சு சேர்க்கும். இருந்தாலும் நிறம் மாறிய கடலிலிருந்தும், சாக்கடை கலக்கும் இடத்திலிருந்தும், மீன் செத்து ஒதுங்கும் நாளிலும் சிப்பி எடுக்காமல் இருப்பதுதான் புத்தி. ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2021லிருந்து பாசிப் பெருக்கம் பற்றிய தகவல் தருகிறது. கேரளக் கரையும் மன்னார் வளைகுடாவும் அவர்கள் தொடர்ந்து பார்க்கும் இடங்கள். ஆனால் கனடாவில் 1987க்குப் பிறகு மக்களைக் காத்தது செயற்கைக்கோள் இல்லை. சிப்பியையே எடுத்துச் சோதித்து, நஞ்சு கூடினால் அந்தப் பகுதியை மூடிவிடும் ஏற்பாடு. ஊர்ச் சந்தையில் கூறுகட்டி விற்கும் சிப்பிக்கும் அப்படி ஒரு சோதனை நடக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏற்றுமதிக்குப் போகும் சரக்குக்குக் காட்டும் அக்கறையை நம் ஊர்க்காரர் தட்டுக்கும் காட்ட வேண்டும்.

அப்பாவுக்கு வருகிறேன். சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றால் நிம்மதி, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்க வாய்ப்புண்டு. பி12 குறைந்தால் மறதி வரும். ஊசி போட்டால் சரியாகவும் செய்யும். இதில் ஒரு வேடிக்கை இல்லை, வருத்தம்தான் இருக்கிறது: பி12 அதிகம் உள்ள உணவுகளில் சிப்பியும் ஒன்று. அதை நிறுத்தியதில் அவருக்கு நஷ்டமே தவிர லாபம் இல்லை. பி12 தவிர தைராய்டு, சோடியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் சர்க்கரை இறங்கிப்போகிறதா என்று ஓரிரு நாள் விடியற்காலையில் குத்திப் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை என்று மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். வயதானவர்களைக் குழப்பும் மருந்துகள் அவற்றில் நிறைய. வருஷக்கணக்கில் கடலில் மூழ்கியவர் என்பதால் காதையும் சோதித்துவிடுங்கள். சரியாகக் கேட்காதவர் கேட்டதையே கேட்பதை மறதி என்று நாம் எடுத்துக்கொள்வதுண்டு. கடலுக்குப் போவதை நிறுத்திய மனிதரின் மனம் எப்படி இருக்கிறது என்பதையும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், அப்போது எம்ஆர்ஐயும் நினைவுச் சோதனையும் செய்து, இது அல்சைமர் வகையா, சர்க்கரையாலும் ரத்தக் குழாய் அடைப்பாலும் வந்ததா என்று நரம்பியல் மருத்துவர் பிரித்துச் சொல்வார். நீங்கள் வரும்போது, மறதி தொடங்கிய சமயம் என்ன நடந்தது என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது.

சிப்பி சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம். இரண்டு நிபந்தனை. கிரியாட்டினின் முடிவு வரட்டும்: டோமோயிக் அமிலத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். 1987ல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களில் முதியவர்களும், சிறுநீரகம் அல்லது சர்க்கரைக் கோளாறு உள்ளவர்களும் அதிகம். அப்பா இந்த இரண்டு பட்டியலிலும் இருக்கிறார். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் மாதம் ஓரிரு தடவை, கொஞ்சமாக என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, வாரம் மூன்று நாள் என்பது வாரம் ஒன்றாகட்டும். மற்ற நாளில் மீன் இருக்கவே இருக்கிறது. நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளிச் சமைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். நஞ்சு தங்குவது குடலில் என்பதால் அது நல்ல வழக்கம். வீட்டில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் அவர்களும் சிப்பியை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் அப்பாவிடம் பேசும்போது சிப்பியை நிறுத்தச் சொன்னது தப்பு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்தக் கடல்சிங்கத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் அப்பா என்றே சொல்லுங்கள். விழிஞ்ஞத்துக் கதையைக் கேளுங்கள், எந்தப் பாறையில் எப்போது சிப்பி எடுப்பார்கள் என்று கேளுங்கள்; பழைய ஞாபகம் அவருக்குத் தெளிவாகவே இருக்கும். அவர் பேசத் தொடங்கிய பிறகு ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்ற பேச்சை எடுத்தால் சம்மதிப்பார். ஸ்கேன் எடுத்து, கிரியாட்டினின் முடிவும் நல்லபடியாக வந்த ராத்திரி மரச்சீனியும் சிப்பிக் கறியும் வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். அறிக்கையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.